முதல் மதிப்பெண் வாங்கிய குளம்

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் கெட்ட செய்தி சொல்ல வராது. முடிவெட்டுகிறவர் ஒரு காதுக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டால், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வந்து, முடி வளரும்வரை ஒரு மாதம் தலையைச் சாய்த்துக்கொண்டே நடப்பார். ஒருமுறை செருப்புக் கடையில் இரண்டையும் இடது காலுக்கே கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் மனசு நோகுமாம். அந்தச் செருப்போடு ஒரு வருடம் ஓட்டினார். ஈரத் தரையில் அவர் நடந்த தடத்தைப் பார்த்தால் மனிதன் போன மாதிரியே இருக்காது. இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? அடுத்தவன் வயல் மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் என்ன கோளாறு என்று அவனிடமே போய்ச் சொல்வது.

மண் பரிசோதனைக் கூடத்தில் அவர் மண்ணெடுப்பவர். வயலில் நேராக நடக்கமாட்டார். குடித்தவர் போல வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இடத்தில் குழி தோண்டுவார். ஒவ்வொரு குழியின் ஓரத்தையும் சீவி ஒரு கைப்பிடி மண். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பேசினில் கொட்டிக் கலந்து, துணியில் பரப்பி, விரலால் கோடு கிழித்து நான்காகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பாகத்தைத் தூக்கி எறிவார். மிச்சத்தை மறுபடி கலப்பார், மறுபடி நான்காக்குவார். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதே வேலை. அந்த அரைக் கிலோ துணிப்பையில் ஏறி, சீட்டுக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போகும். ஒரே இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது அவருடைய கட்சி.

இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவில் எறும்பு இருக்கிறதா பாருங்கள் என்று சொன்னால், டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டி நான்காகப் பிரித்துவிடுவார். எறும்பு எறிந்த பாகத்தோடு போய்விடும். "எறும்பு இல்ல" என்று எனக்குப் பதில் வரும். சர்க்கரையும் இருக்காது. என்னைப் பெண் கேட்பதற்கு முன்னால் என்னைப் பற்றிப் பதினைந்து பேரிடம் விசாரித்தாராம். விசாரித்ததில் பாதியை எறிந்துவிட்டேன் என்று அவரே ஒருநாள் சொன்னார். எந்தப் பாதி என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

என் பிழைப்பு வாத்து. இருபத்திரண்டு வாத்துகள் வைத்திருந்தேன். பொழுது விடிந்ததும் கூண்டைத் திறந்துவிட்டால் வரிசை கட்டிக்கொண்டு குளத்துக்குப் போகும், சாயங்காலம் தானாக வந்து சேரும். முட்டையை ரொட்டிக்கடைக்கு விற்றுவிடுவேன். குளம் எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. குளத்துக்கு மேலே சரிவாக வயல்கள்: என் அண்ணன் வயல், பக்கத்தில் கணக்கு சார் வயல், இன்னும் ஏழெட்டுப் பேருடையது. மேட்டில் என்ன செய்தாலும் அது பள்ளத்துக்குத்தானே வரும்? இது எனக்குத் தெரியும், என் வாத்துக்குத் தெரியும். மேட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் அவன். மூன்று வருடமும் அவனைக் கணக்கில் ஃபெயிலாக்கியவர்தான் இந்தக் கணக்கு சார். அவர் ஓய்வு பெற்ற கையோடு, உலகத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி, என் அண்ணன் வயலுக்குப் பக்கத்து வயலை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணன் நாற்பத்தைந்து வயது ஆள், கையில் மண்வெட்டியோடு நிற்கிறவன், வரப்பில் அவர் தலை தெரிந்தால் இன்றைக்கும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கூடத்திலிருந்து எல்லோருக்கும் மண் அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். மண்ணில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு இருக்கிறது என்று மூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம்: குறைவு, நடுத்தரம், அதிகம். ஒரு கட்டத்தில் டிக் இருக்கும். மண்ணில் ஏற்கெனவே அதிகமாக இருந்தால் உரத்தைக் குறைத்துப் போடு, செலவும் மிச்சம், பூமிக்கும் நல்லது. அட்டையின் நோக்கம் அவ்வளவுதான். அதை வாயால் விளக்க வேண்டிய பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. அங்கேதான் சனி பிடித்தது.

கணக்கு சாருக்கு மூன்று வரியிலும் அதிகம். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவர், "எல்லாமே அதிகமா இருக்கு சார்" என்று ஆரம்பித்திருக்கிறார். 'அதனால் இனிமேல் உரம் போடாதீர்கள்' என்பது மிச்ச வாக்கியம். சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கவும், இவருக்கு மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ரொம்ப சந்தோஷம் சார்" என்று முடித்துவிட்டு வந்துவிட்டார்.

அண்ணன் அட்டையில் இரண்டு நடுத்தரம், ஒரு குறைவு. அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, பக்கத்து வயலுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"மாப்ள, குறைவுன்னா ஃபெயிலா?"

"அப்படியெல்லாம் இல்ல மச்சான். அடுத்த தடவ நல்லா வரும்" என்றார் இவர்.

இந்த ஒரு வாக்கியம் போதும், குளம் நாசமாய்ப் போக. இதைச் சொல்லிவிட்டு வந்து, மச்சானுக்கு ஆறுதல் சொன்னேன் என்று என்னிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

அடுத்த தடவை வந்தது. இன்ன தேதியில் மண்ணெடுக்க வருகிறேன் என்று இவர் எல்லோருக்கும் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லி அனுப்புவார். சொல்லாமல் ஒருவர் வயலில் கால் வைப்பது மரியாதை இல்லையாம். பரீட்சைத் தேதி தெரிந்தால் பிள்ளைகள் என்ன செய்யும்? முந்தின நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்யும். அண்ணன் முந்தின நாள் மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டினான். அட்டை வந்தது. அதிகம், அதிகம், அதிகம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு பரீட்சையில் பாஸாகியிருந்தான். அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினான். அவனும் அண்ணியும் எடுத்துக்கொண்ட கல்யாணப் போட்டோ அதற்காக ஓர் ஆணி தள்ளிப் போக வேண்டியிருந்தது. அண்ணி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

கணக்கு சார் சும்மா இருப்பாரா? தன்னிடம் மூன்று வருடம் ஃபெயிலானவன் தன் அளவுக்கு மார்க் வாங்குவதா என்று அவரும் கொட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொட்டினார்கள். ஒருவர் எங்கிருந்தோ பூந்தொட்டி மண்ணைக் கொண்டுவந்து சலித்து, 'இதுதான் என் வயல் மண்' என்று நீட்டினார். இன்னொருவர், இவர் தண்ணீர் குடிக்கத் திரும்பின நேரம் பார்த்துப் பேசினுக்குள்ளேயே ஒரு பிடி உரத்தைப் போட்டுக் கலந்துவிட்டார். இவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, பார்த்ததை அவர் பார்த்துவிடுவாரோ என்று இன்னும் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறார். உரத்தைக் குறைக்க வந்த அட்டை, ஊரில் இருந்த உரத்தையெல்லாம் வயலில் கொட்ட வைத்துவிட்டது.

பயிர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அண்ணனுடைய கத்தரிச் செடி அவன் தோள் உயரம் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் விசிறி அகலம். காய் மட்டும் சுண்டுவிரல் அளவில் ஒன்றிரண்டு, அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு இலைக்குப் பின்னால். தளதளவென்று இலை இருந்தால் பூச்சி விடுமா? எட்டு ஊர்ப் பூச்சியும் குடும்பத்தோடு வந்து இறங்கியது. அதற்கு மருந்தடித்தார்கள். முன்பெல்லாம் இவர் தோண்டுகிற பதினைந்து குழியிலும் மண்புழு நெளியும். இப்போது எல்லாக் குழியிலும் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தால், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொல்வார்.

மழை பெய்தது. கொட்டினதெல்லாம் கரைந்து சரிவில் இறங்கிக் குளத்துக்கு வந்தது. வயலுக்குப் போட்ட சாப்பாட்டைப் பாசி சாப்பிட்டது. ஒரே மாதத்தில் குளம் பச்சைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. என் வாத்துகள் கரையில் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்தன, பிறகு திரும்பி என்னைப் பார்த்தன, நான்தான் குளத்தை மூடி வைத்துவிட்டேன் என்பது போல. பொறுக்கமாட்டாமல் சிலது இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்தது. கழுத்துத் தொங்கிப்போய், ஒன்று, இரண்டு என்று சாக ஆரம்பித்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒழுங்காகப் போய் என் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, பிறந்த வீடு என்பதே அந்த அண்ணன் வீடுதான். கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு இல்லாத நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. இவர் மூன்று தடவை போனார். மூன்று தடவையும் டீ குடித்துவிட்டு, சுவரில் இருந்த அட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். சட்டத்தைத்தான் சொன்னேன், அட்டையைச் சொல்லவில்லை என்று என்னிடம் சாக்கு வேறு. நானே போய்ச் சொன்னேன். உனக்கு என்னம்மா தெரியும், மாப்பிள்ளையே சந்தோஷப்பட்டாரே என்று அண்ணன் என் வாயை அடைத்துவிட்டான்.

ஒன்பதாவதாகச் செத்தது, வரிசையில் முன்னால் போகிற பெரிய வாத்து. அதைத் தூக்கி வந்து, காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வாத்துக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் அழுதேன். இவர் தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு, பேசினையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கோடையில் குளத்துத் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கி, சுற்றிலும் கருப்புச் சேறு கிடந்தது. மனிதர் அந்த முழங்கால் சேற்றில் வளைந்து வளைந்து நடந்தார். பதினைந்து இடத்தில் அள்ளினார். இரண்டு இடத்தில் விழுந்தார். துணியில் பரப்பிக் காயவைத்து, நான்காகப் பிரித்து, எறிந்து, அரைக் கிலோவைப் பையில் கட்டி, சீட்டில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் 'குளம்' என்று எழுதினார். பத்து நாளில் குளத்துக்கு அட்டை வந்தது. அச்சடித்த கட்டம் அதிகத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் போன மண்ணைக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லையாம். அதனால் மூன்று வரிக்கும் பக்கத்தில் பேனாவால் 'மிக மிக அதிகம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அட்டையைக் குளக்கரை மரத்தில் ஆணி அடித்து மாட்டினார். வாயால் சொல்ல வராததை அட்டை சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. நாற்றமடிக்கிற, மீன்கூட வாழாத இந்தக் குளம்தான் ஊரிலேயே முதல் மதிப்பெண். இதைப் படித்தால் மானமுள்ளவர்கள் தலை குனிவார்கள், வீட்டுக்குப் போய் அட்டையைக் கழற்றுவார்கள் என்று எதிர்பார்த்து, மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் கரையில் நின்றேன்.

வந்தார்கள், படித்தார்கள். ஒருவர் தலையும் குனியவில்லை. கணக்கு சார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். இவ்வளவு சத்தும் சும்மாவா கிடக்கிறது என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடம் எல்லோரும் சேற்றைப் பார்த்தார்கள், அடுத்த நிமிடம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்தச் சேறு யாருக்கு என்று சண்டை ஆரம்பித்துவிட்டது.

அதுவரைக்கும் எவ்வளவு உரம் போட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் பச்சைப் பிள்ளைகள். ஒரு மூட்டைதான், அதுவும் பாதிதான், என் பிள்ளைமேல் ஆணை என்பார்கள். இப்போது அவரவர் போட்டதற்கு ஏற்ப அவரவருக்குச் சேற்றில் பங்கு என்று பேச்சு வந்ததும், வாய் தானாகத் திறந்தது. நான் ஆறு மூட்டை போட்டேன் என்றார் ஒருவர். நான் பதினொன்று, கடைச் சீட்டு இருக்கிறது என்றார் இன்னொருவர். பூந்தொட்டிக்காரர் தொட்டிக்குப் போட்டதையும் சேர்த்துச் சொன்னார். கணக்கு சார் எல்லோரையும் கை காட்டி அமர்த்திவிட்டு, வகுப்பில் விடை சொல்கிற மாதிரி, பதினெட்டு என்றார்.

அண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். முன்னால் வந்தான்.

"இருபத்தெட்டு மூட்டை, சார்."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பு மூன்று வருடத்துக்கும் சேர்த்து அவன் பதில் சொல்லிவிட்டான். பெருமையோடு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். அப்போதுதான் மரத்துக்குப் பின்னாலிருந்து இவர் வெளியே வந்தார்.

"மச்சான், அந்த இருபத்தெட்டு மூட்டையும் உங்க பயிருக்குப் போகல. மழையில கரைஞ்சு இங்க வந்துச்சு. இந்தத் தண்ணியக் குடிச்சுதான் உங்க தங்கச்சியோட ஒம்போது வாத்து செத்துச்சு."

இவர் இன்னும் முடிக்கவில்லை.

"அதிகம்னா நல்லதுன்னு உங்கள நம்ப விட்டது நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வரல."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போது என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் பெருமையாக இருந்தது, இந்த மனிதருக்கா இவ்வளவு தைரியம் என்று. அண்ணன் பித்தானைக் கழற்றிவிட்டு, வரப்பு வழியே வீட்டுக்குப் போய்விட்டான்.

மற்றவர்கள் வெட்கப்பட்டார்களா என்றால், பட்டார்கள், ஒரு பத்து நிமிடம். பிறகு டிராக்டரோடு வந்தார்கள். யாருக்கும் புத்தி வந்து குளத்தைத் தூர்வாரவில்லை, பேராசையில் வாரினார்கள். பக்கத்து ஆள் ஒரு கூடை கூடுதலாக எடுத்துவிடுவானோ என்று ஆளுக்கு ஆள் அடிமண்வரை சுரண்டினார்கள். எட்டு நாளில் குளம் கழுவி வைத்த சட்டி மாதிரி ஆகிவிட்டது. போட்ட உரமெல்லாம் நாற்றத்தோடு மேட்டுக்கே திரும்பிப் போனது.

ஒன்பதாம் நாள் காலை என் வீட்டு வாசல் கதவு திறக்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து பார்த்தால், வாசலை அடைத்துக்கொண்டு மூன்று டிராக்டர் சேறு. அண்ணனுடைய பங்கு முழுவதும். நாற்றம் குடலைப் பிடுங்கியது. இவர் குவியலைப் பார்த்துவிட்டு, நல்ல மண்தான் என்றார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். சேற்றைக் கொட்டிவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான் என்றாள் அண்ணி. ஒரு குழி நிலம்கூட இல்லாதவள் வாசலில் சேற்றைக் கொட்டுகிறாயே, புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அவன் திரும்பவில்லை.

"உன் வாத்துக்கு வேற என்ன குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

எனக்குத் திட்டு எல்லாம் மறந்துவிட்டது. அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"வாத்துக்கு மண்ணு வேணாம்ணே. தண்ணி வேணும்" என்றேன்.

அந்தப் பருவத்தில் இவர் யாருக்கும் தேதி சொல்லாமல் திடீரென்று போய் மண்ணெடுத்தார். மரியாதை இல்லையே என்று ஒவ்வொரு வயலிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தோண்டினாராம். கணக்கு சார் அட்டையைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோதுகூட, அதிகம் என்றால் கூடாது சார் என்று முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். அண்ணனுக்கு நான்கு மூட்டை என்று எழுதிக் கொடுத்தார், அண்ணன் நான்கு மூட்டைதான் போட்டான். செடி இடுப்பு உயரத்தோடு நின்றது. காய் வெளியே தெரிந்தது.

மழை வந்து குளம் நிறைந்தது. தண்ணீர் பழுப்பாக இருந்தது, ஆனால் தண்ணீராக இருந்தது. மிச்சமிருந்த வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனேன். கரை வரைக்கும் வந்தன, நின்றுவிட்டன. தள்ளிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். இவர் தண்ணீரை ஒரு தம்ளரில் எடுத்து வாத்துகளிடம் காட்டினார். ஒன்றும் அசையவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் அண்ணன் வரப்பு வழியே இறங்கி வந்தான். சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு, "பா, பா, பா" என்று கூப்பிட்டான். முக்கினான், எழுந்தான், கையைச் சிறகு போல அடித்துக் காட்டினான். மேட்டில் கணக்கு சார் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அண்ணன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெயில் ஏறும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், தொண்டை கட்டிவிட்டது. சின்ன வாத்து ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்தது, பிறகு இறங்கியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கி அவனைச் சுற்றி நீந்தின.

அவன் நின்ற இடத்திலிருந்தே விரல் நீட்டி எண்ணினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"பதிமூணுதான் இருக்கு" என்றான்.

"ஆமாண்ணே. பதிமூணுதான்" என்றேன்.